தொங்கலில் இறுக்கியது

டிங்கரிங் கடையிலிருந்து கார் திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. இடது பக்க முன் மட்கார்டு புதிது. அதன் வெள்ளையும் வண்டியின் பழைய வெள்ளையும் ஒட்டவில்லை. அவன் அதை மெதுவாக ஓட்டிவந்து அலைன்மென்ட் மேடையில் ஏற்றினான். இறங்கிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். அது அவன் மனைவியின் வண்டி.

பட்டறை என்பது இரண்டு கொட்டகைகள். ஒன்று அவனுடையது. ஸ்பிரிங் மாற்றி வண்டியைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுவரும் வேலை. மற்றது மனைவியின் அண்ணனுடையது. சக்கரங்களின் கோணம் பார்த்து நேராக்கும் வேலை. நடுவில் பாதி ஆளுயரத்துக்கு ஒரு தகரத் தடுப்பு. இவன் இறக்கும் வண்டி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் உருளும். மச்சான் கோணம் வைத்து அனுப்புவான். அந்த வரிசைக் கடைக்காரர்கள் இவனைத் தரைதட்டி என்று கூப்பிட்டார்கள். இவன் கைபட்ட வண்டிகள் வேகத்தடைதோறும் வயிறு உரசிக்கொண்டு போவதால் வந்த பெயர். அதில் இவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மச்சான் வண்டியின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்தி அழுத்தி விட்டான். பிறகு பின்பக்கம். ஸ்பிரிங் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் அளக்க வேண்டும். சக்கரங்களில் சென்சார்களை மாட்டிவிட்டுத் திரைக்கு முன்னால் போய் நின்றான்.

"இடது போயிருக்கும் மாப்ள. சுவத்துல இடிச்சது அந்தப் பக்கம்தானே. வலது நல்லாத்தான் இருக்கும்."

திரையில் இடது சிவப்பாக இருந்தது. வலதும் சிவப்பாக இருந்தது.

"சென்சார் சரியா மாட்டல போல," என்றான் தரைதட்டி.

மச்சான் கழற்றி மறுபடி மாட்டினான். வண்டியை ஒரு சாண் முன்னும் பின்னும் உருட்டினான். மறுபடி சிவப்பு. இரண்டு சக்கரங்களின் தலையும் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன. அதைக் கேம்பர் என்பார்கள். இரண்டின் மூக்கும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் பார்த்துக்கொண்டிருந்தன. அது டோ. டோ விலகிய வண்டி நேர்ரோட்டிலும் நேராகப் போகாது. பக்கத்துக்குப் பக்கம் மோப்பம் பிடித்துக்கொண்டு போகும்.

மச்சான் குனிந்து வலது டயரின் உள்விளிம்பைத் தடவினான். கையை எடுத்துப் பார்த்தான். மறுபடி தடவினான்.

"இங்க வா."

வெளியே நின்று பார்த்தால் டயர் புதுசு. உள்விளிம்பில் ரப்பர் தீர்ந்து நூல் தெரிந்தது.

"இது இடிச்சதுல வந்ததில்ல மாப்ள. டயர் ஒரே நாள்ல இப்படித் தேயாது."

"தெரியுது."

"அவ வண்டி இழுக்குதுன்னு சொன்னாளே."

"தெரியுது மச்சான்."

அவன் குழிக்குள் இறங்கினான். மேடைக்குக் கீழே இடுப்பளவு குழி. மழைத் தண்ணீர் கொஞ்சம் தேங்கி, எண்ணெய் மிதந்தது. வண்டி தன் கனத்திலேயே நின்றுகொண்டிருந்தது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்மின் போல்ட்டில் ஸ்பேனரை வைத்துத் தளர்த்தினான். அரைச் சுற்று வந்ததும் டப் என்று ஒரு சத்தம். ஆர்ம் தானாகத் திரும்பிக்கொண்டது. வண்டியின் மூக்கு ஒரு விரல்கடை கீழே உட்கார்ந்தது.

மேலே மச்சானின் செருப்புகள் அசையாமல் நின்றன. அவனுக்கும் அந்தச் சத்தம் தெரியும். அந்த வரிசையில் வேலை செய்கிற யாருக்கும் தெரியும்.

ஆர்மை வண்டியோடு சேர்ப்பது ஒரு ரப்பர் உருளை. வண்டியைத் தூக்கி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், ரப்பர் அந்தத் தொங்கலிலேயே பிடிபட்டுவிடும். பிறகு வண்டியைத் தரையில் இறக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிடக்கும். ஓடும்போதெல்லாம் முறுக்கு. அது வண்டியைக் கொஞ்சம் தாங்கிக்கொண்டு பொய் உயரம் காட்டும். அந்தப் பொய் உயரத்தில் கோணம் வைத்தால் கோணமும் பொய். நாளாக ஆக ரப்பர் கிழியும், வண்டி உட்காரும், எல்லாம் கலையும். அதனால் வண்டியை முதலில் தரையில் இறக்கி, கனத்தை ஏற்றி, அதற்குப் பிறகுதான் கடைசி இறுக்கு. தரைதட்டி இதை வருகிற கஸ்டமருக்கெல்லாம் சொல்லுவான். "வண்டியை எவன் வேணும்னாலும் இறக்குவான். கடைசி இறுக்கு எப்பன்னு தெரியணும்."

இடது போல்ட்டைத் தளர்த்தியபோது சத்தம் வரவில்லை. அந்தப் பக்கத்து ரப்பர் ஏற்கெனவே கிழிந்திருந்தது. வண்டி இடப்பக்கம் இழுத்தது அதனால்தான்.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். விடியும்போது கிளம்பி, வீடுவீடாகப் போய், படுக்கையில் கிடக்கிறவர்களின் கையில் நரம்பு தேடி ரத்தம் எடுத்து, குளிர்ப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு வரவேண்டும். அதற்காக வாங்கிய வண்டி. "எனக்கு உசரம் இருந்தாத்தான் வசதி. தெரு ஒண்ணொண்ணும் குண்டும் குழியுமா இருக்கு," என்று அவள் சொல்லியிருந்தாள். மாதம் ஒருமுறை, இறக்கிய வண்டிக்காரர்கள் ஒரு மைதானத்தில் கூடி வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பார்த்துக்கொள்வார்கள். தரைதட்டிக்குச் சொந்தமாக நிறுத்த வண்டி இல்லை. ஒருமுறை அவளுடையதை எடுத்தான். கூட்டத்துக்கு முந்தின சாயங்காலம் அவசர அவசரமாக இறக்கினான். போல்ட்டுகளைத் தொங்கலிலேயே காற்றுத் துப்பாக்கியால் இறுக்கினான். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது நினைப்பு. மச்சானிடம், "டோ மட்டும் வச்சு விடு, மத்தது அடுத்த வாரம்," என்றான். மைதானத்தில் வண்டியைச் சுற்றி நாலு பேர் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள்.

இறக்கிய வண்டி ஒரு வாரம் ஓடி மறுபடி மேடைக்கு வந்தாக வேண்டும் என்பது அந்தப் பட்டறையின் சட்டம். வராதவர்களுக்குப் போன் போட்டுத் திட்டுவான். அவளுடைய வண்டி அவர்கள் வீட்டு வாசலில்தான் நின்றது. அது மட்டும் வரவில்லை.

அவள் சொன்னாள். வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்றாள். பட்டறைக்கே வந்து ஒருமுறை சொன்னாள். அன்றைக்கு எதிரில் டயர்க்கடைக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "நீ ஸ்டியரிங்கை என்னமோ தூக்குவாளி மாதிரி இறுக்கிப் பிடிக்கற. கொஞ்சம் தளர்வா பிடி. இல்லன்னா பிளாட்பாரத்துல எங்கயாவது ஏத்தியிருப்ப," என்றான் தரைதட்டி.

"ஊசி குத்துற கைம்மா அது. ஸ்டியரிங்க எங்க பிடிக்கும், அதையும் குத்திப் பாக்கும்," என்றார் டயர்க்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். தரைதட்டியும் சிரித்தான். அவளும் கொஞ்சம் சிரித்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

மழை பெய்த ஒரு காலையில் அவள் தன் அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். பள்ளிக்கூடச் சுவர் வளைவில் வண்டி வளையவில்லை. சுவரில் போய் நின்றது. அப்பாவின் வலது மணிக்கட்டு உடைந்தது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதையும் அப்பா வீட்டில் ஒரு குற்றமாகத்தான் சொன்னார்கள்.

தரைதட்டி குழியிலிருந்து ஏறி வந்தான். முழங்கால் வரை நனைந்திருந்தது. மச்சான் சிகரெட் பற்ற வைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"இப்ப என்ன பண்ணப் போற?"

"ரப்பர் புதுசு போடணும். கேம்பர் போல்ட் போட்டு நிமித்தணும். டயர் மாத்தணும்."

"அதைக் கேக்கல."

தரைதட்டி பழந்துணியில் கையைத் துடைத்தான். சுத்தமான விரல்களையும் துடைத்தான்.

"சரி பண்ணிடு. சத்தம் போடாம சரி பண்ணிடு," என்றான் மச்சான். "அவளே ஓட்ட வேணாம்னு சாவியைக் கொக்கில மாட்டிட்டா. அப்பாவும் நிம்மதியா இருக்கார். இப்பப் போய் இது என் வேலைன்னு சொன்னா யாருக்கு என்ன கிடைக்கும்? அப்பா கை ஒட்டவா போகுது?"

"அவ தான்தான் பண்ணினோம்னு நெனச்சிட்டு இருக்கா."

"பழகிட்டா மாப்ள. நாள் போச்சுல்ல." மச்சான் சிகரெட்டைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தான். "நானும்தான் டோ மட்டும் வச்சு விட்டேன். அன்னைக்கு கேம்பர் சிவப்பாத்தான் இருந்துச்சு. நான் பாத்தேன். உன் வண்டிதானேன்னு விட்டுட்டேன். என்னையும் சேத்துத்தான் கேப்பா."

மச்சான் பயந்தது அதற்குத்தான் என்று இருவருக்கும் தெரிந்தது. அடுத்த வண்டி ஹாரன் அடித்தது.

அவள் சாயங்காலம் பஸ்ஸில் வந்தாள். ஷூ இரண்டும் நனைந்து ஊறியிருந்தன. வாசலிலேயே உட்கார்ந்து கழற்றி, பழைய பேப்பரைச் சுருட்டி உள்ளே திணித்தாள். விபத்துக்குப் பிறகு நிலையத்தில் அவளை உள்ளே கவுன்டரில் உட்கார வைத்திருந்தார்கள். பெயர் எழுதி, டியூபில் சீட்டு ஒட்டித் தரும் வேலை. தற்காலிகமாகத்தான்.

தரைதட்டி வெங்காயம் போட்டு முட்டை பொரித்து, தக்காளி நறுக்கி வைத்திருந்தான். அவள் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"என்ன, இன்னைக்கு நீங்க சமைச்சிருக்கீங்க?"

"சீக்கிரம் வந்துட்டேன்."

"வெங்காயம் பெரிசு பெரிசா கிடக்கு. இதையும் ஸ்பேனர்லதான் வெட்டினீங்களா?"

அவன் சிரிக்க முயன்றான். அவள் பாதி தின்றுவிட்டுக் கையை நிறுத்தினாள்.

"இன்னைக்கு ரத்தம் எடுக்கற ஆள் ஒருத்தர் வரல. என்னை எடுக்கச் சொன்னாங்க. வயசானவர். ரெண்டு தடவை குத்தினேன்."

"எல்லாருக்கும் ஆகறதுதானே."

"எனக்கு ஆகாது." அவள் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. "போன வாரமும் ஒருத்தருக்கு ஆச்சு. மேடம் கூப்பிட்டுக் கேட்டாங்க. கவுன்டர்லயே நிரந்தரமா இருந்துக்கறியா, திங்கக்கிழமை சொல்லுன்னாங்க. சரின்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

"எதுக்கு?"

"கையில ஏதோ ஆயிடுச்சுங்க. வண்டி ஓட்டறப்பவே ஆரம்பிச்சிருக்கு. நான்தான் கவனிக்கல. நேரா பிடிச்சிருக்கேன்னு நெனப்பேன், இடது பக்கம் போகும். இப்ப ஊசியும் தள்ளிப் போகுது."

அவள் எழுந்து டியூப்லைட்டுக்குக் கீழே நின்றாள். வலது கையை முன்னால் நீட்டி விரல்களை விரித்தாள்.

"ஒரு பேப்பரை எடுத்து விரல் மேல வைங்க. நடுக்கம் இருந்தா பேப்பர் ஆடும். நர்ஸ் சொன்னாங்க."

அவன் காலண்டரில் கிழித்த தாளை எடுத்து அவள் விரல்களின் மேல் வைத்தான். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாள் ஆடவில்லை. மேலே ஃபேன் ஓடாமல் இருந்ததால் அறையில் எதுவுமே ஆடவில்லை.

"ஆடல," என்றான்.

"நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன். ஆடல."

"அப்ப கண்ணாத்தான் இருக்கும்," என்றாள் அவள். "டாக்டர்கிட்ட பேர் எழுதி வைக்கணும்."

அவன் வாயைத் திறந்தான். "உப்பு போதுமா?" என்று கேட்டான். அவள் உட்கார்ந்து மீதியைத் தின்றாள். போதும் என்றாள்.

மறுநாள் ஞாயிறு. அவளுக்கு விடுமுறை. கடைகள் திறக்குமுன்பே அவன் போய்ப் புது ரப்பர்களை அடித்து இறக்கி, கேம்பர் போல்ட்டுகளைக் கோத்து, முன்பக்கம் வேறு இரண்டு டயர்களை மாட்டிவிட்டான். போல்ட்டுகளை விரலால் மட்டும் முடுக்கினான். வண்டியை மேடையில் ஏற்றி அழுத்தி விட்டான். ஓட்டுகிறவர் இருக்கையில் கனம் வேண்டும். மூலையில் மணல் மூட்டைகள் இருந்தன. அவன் வீட்டுக்குப் போய் அவளைக் கூப்பிட்டான்.

"நான் எதுக்கு?"

"உக்காரணும். உன் கனத்துக்குத்தான் வைக்கணும்."

"மூட்டை இருக்குமே."

"மூட்டைக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது."

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்," என்றாள். ஆனாலும் வந்தாள்.

மேடையின் சரிவில் ஏறி வண்டிக் கதவைத் திறந்தவள் கொஞ்சம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "ஸ்டியரிங்கை நேரா பிடி. அப்படியே இரு," என்று சொல்லிவிட்டு அவன் குழிக்குள் இறங்கினான். இரண்டு பக்கமும் கடைசி இறுக்கு இறுக்கினான். ஸ்பேனர் நின்ற பிறகும் கீழேயே நின்றான். அங்கிருந்து அவளுடைய முகம் தெரியாது. அவளுக்கும் இவன் முகம் தெரியாது.

"ஒரு விஷயம் சொல்லணும்," என்றான்.

"சொல்லுங்க."

"வண்டி இழுத்தது உன்னால இல்ல. நான் இறக்கினப்ப ஆர்ம் போல்ட்டைத் தொங்கல்லயே இறுக்கிட்டேன். திரும்ப எடுத்துப் பாக்கவும் இல்ல. ரப்பர் கிழிஞ்சு, கோணம் கலைஞ்சு, டயர் உள்ள தேஞ்சு போயிருக்கு. அன்னைக்கு ஈரத்துல யார் ஓட்டியிருந்தாலும் வண்டி சுவத்துக்குத்தான் போயிருக்கும்."

எங்கோ ஒரு ஷட்டர் ஏறுகிற சத்தம் கேட்டது.

"இங்க வந்து சொல்லுங்க," என்றாள் அவள். "குழிக்குள்ள இருந்து சொல்லாதீங்க."

அவன் ஏறி வந்து ஜன்னலருகில் நின்றான். கையில் ஸ்பேனர் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே அதே வார்த்தைகளை மறுபடி சொன்னான். இரண்டாம் முறை அவை இன்னும் குறைவாக வந்தன.

"எப்பத் தெரியும்?"

"நேத்து."

"நேத்து எப்ப?"

"மத்தியானம்."

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் கையை நீட்டிட்டு நின்னப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பேப்பர் வச்சீங்களே."

அவன் ஸ்பேனரை மறு கைக்கு மாற்றினான்.

"அண்ணனுக்கு?"

"தெரியும்."

அவள் கதவின் கைப்பிடியில் கை வைத்தாள்.

"இறங்காத," என்றான் அவன். "இப்ப இறங்கினா கனம் மாறிடும். கோணம் முழுக்க முதல்லருந்து..." பாதியில் நிறுத்தினான். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவனுக்கே தெரிந்தது.

அவள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். "வைங்க. நான் மூட்டைதானே. வச்சு முடிங்க."

அவன் முடித்தான். கேம்பர் போல்ட்டைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சக்கரங்களின் தலையை நிமிர்த்தினான். திரையைப் போய்ப் பார்த்தான். மறுபடி குழிக்குள் இறங்கினான். டோவுக்கு ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும். அவன் கீழிருந்து, "நேரா இருக்கா?" என்று கேட்டான். "இருக்கு," என்றாள். "இப்ப?" "இருக்கு." வழக்கமாகக் கால்மணி நேர வேலை. அன்றைக்கு நீண்டது. ஒருமுறை அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவன் ஸ்பேனரை நிறுத்தினான். "நிறுத்தாதீங்க," என்றாள் மேலிருந்து.

திரையில் எல்லாம் பச்சையானது. அவன் சென்சார்களைக் கழற்றினான்.

"ஓட்டிப் பாக்கணும்," என்றான். "நான் ஓட்டவா?"

"நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க."

வண்டி மேடையிலிருந்து பின்னால் இறங்கியது. அவள் கண்ணாடியைச் சரி செய்யவில்லை. அது அவளுடைய உயரத்துக்குத்தான் இருந்தது. பட்டறை வாசலில் டயர்க்கடைக்காரர் பழைய டயர்களை வெளியே உருட்டிவைத்துக்கொண்டிருந்தார். இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்.

"என்ன டாக்டரம்மா, மறுபடி கிளம்பியாச்சா? சுவருக்கெல்லாம் சொல்லி அனுப்பட்டுமா, தள்ளி நிக்கச் சொல்லி?"

அவள் வண்டியை நிறுத்தினாள். தரைதட்டி பக்கம் திரும்பவில்லை. அவனுக்குப் புரிந்தது. ஜன்னல் கண்ணாடியை இறக்கினான்.

"அண்ணே, அவ ஓட்டினது சரிதான். வண்டி இறக்கினது நான்தானே. தொங்கல்லயே இறுக்கிட்டேன். ரப்பர் கிழிஞ்சு கிடந்துச்சு."

டயர்க்கடைக்காரர் அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார்.

"யோவ் தரைதட்டி, நீயாவது தொங்கல்ல இறுக்கறதாவது. ஊருக்கே பாடம் எடுக்கற ஆளு." அவர் குனிந்து ஜன்னல் வழியாக அவளிடம் சொன்னார். "பாத்தியாம்மா, பொண்டாட்டி மனசு நோகக் கூடாதுன்னு தன் தொழிலையே விட்டுக் குடுக்கறான். இப்படி ஒருத்தன் எங்க கிடைப்பான்?"

"நெசமாத்தான்ணே," என்றான் தரைதட்டி.

"போய்யா. போய் ஒழுங்கா ஓட்டக் கத்துக் குடு."

வண்டி நகர்ந்தது. தரைதட்டி கண்ணாடியை ஏற்றினான். ஏறுகிற வரைக்கும் அந்தச் சிரிப்பு உள்ளே வந்துகொண்டிருந்தது.

பெரிய ரோட்டில் போக்குவரத்து இல்லை. ரோடு ஈரமாக இருந்தது. அவள் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல்கடை தூக்கினாள். வண்டி நேராகப் போனது. இன்னும் கொஞ்ச தூரம் அப்படியே விட்டாள். நேராகவே போனது. அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று அவன் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தான். அது வரவில்லை. கைகளைத் திரும்ப வைத்துக்கொண்டாள்.

"எத்தனை தடவை சொன்னேன் உங்ககிட்ட," என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அவள் திரும்பவில்லை. பள்ளிக்கூடச் சுவர் வளைவு வந்தது. இடித்த இடத்தில் புதுச் சிமென்ட் பூசியிருந்தார்கள். அவள் வேகத்தைக் குறைத்து வளைத்தாள். வண்டி வளைந்தது. அவளுடைய அப்பா வீட்டு வாசலில் போய் நின்றது.

"வாங்க," என்றாள். "அவங்க எங்கிட்ட சொன்னதையெல்லாம் கேட்டுட்டு இத்தனை நாள் உக்காந்திருந்தீங்கல்ல. இப்ப நீங்க சொல்லுங்க."

மாமனார் முன்னறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். மாவுக்கட்டுப் போட்ட வலது கையைத் தலையணை மேல் வைத்திருந்தார். இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டையில் சோற்றுப் பருக்கைகள். மருமகனைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க. சொல்லாம வந்திருக்கீங்க. ஏய், யார் வந்திருக்காங்க பாரு." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். வாசலில் நின்ற வண்டியை அப்போதுதான் கவனித்தார். மகளின் கையில் சாவி இருந்தது. "நீயா ஓட்டிட்டு வந்த?"

"நான்தான்."

"எதுக்கும்மா உனக்கு இந்த வேலை. பட்டது பத்தாதா. உன்னை நம்பி ஏறினவங்க கதி என்னன்னு பாத்த அப்புறமும்..."

"மாமா," என்றான் தரைதட்டி.

அவன் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னான். இம்முறை எதையும் விடாமல் சொன்னான். மைதானத்தில் நிறுத்துவதற்காக அவசரப்பட்டது, தொங்கலில் இறுக்கியது, ஒரு வாரத்தில் திரும்பப் பார்க்காதது, அவள் சொல்லியும் எல்லோர் முன்னாலும் சிரித்தது. மச்சான் கேம்பரைப் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை. அதை மச்சானே சொல்லட்டும். "உங்க கை என்னாலதான் போச்சு மாமா," என்று முடித்தான். மாமியார் உள்ளிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாமனார் ஸ்பூனைத் தட்டில் வைத்தார். கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தார். அவன் திட்டுக்குக் காத்திருந்தான். அதற்குத்தான் தோளை இறுக்கிக்கொண்டு நின்றான்.

"உக்காருங்க மாப்பிள்ளை," என்றார் அவர்.

"பரவாயில்ல மாமா."

"உக்காருங்கன்னா. இதுக்குப் போய் இப்படி நிக்கறீங்க. வேணும்னா செஞ்சீங்க? தொழில்ல இறங்கினா ஒண்ணு ரெண்டு இப்படி ஆகத்தான் செய்யும். யாருக்குத்தான் தப்பு வராது. விடுங்க."

"பாவம், ஓயாம உழைக்கறவர். ஏதோ மறந்திருப்பார்," என்றாள் மாமியார். "முகம் எப்படி வாடிப் போச்சு பாருங்க. இருங்க, டீ போட்டுக் கொண்டாரேன்."

தரைதட்டிக்கு நாற்காலியை யார் இழுத்துப் போட்டார்கள் என்று தெரியவில்லை. அவன் உட்கார்ந்திருந்தான். அவள் நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. மகள்தானே, சொல்ல வேண்டுமா என்ன. டீ வந்தது. தட்டில் பிஸ்கெட் அடுக்கியிருந்தது. தட்டு அவன் பக்கமாக வைக்கப்பட்டது.

"அப்பா," என்றாள் அவள்.

"என்னம்மா."

"யாருக்குத்தான் தப்பு வராதுன்னு எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே."

மாமனார் தலையணையை இடது கையால் நகர்த்தினார். "அது வலில சொன்னது. ஆஸ்பத்திரில."

"வீட்டுக்கு வந்தும் சொன்னீங்க. இப்பக் கூட சொன்னீங்க."

"பெத்தவங்க நாலு சொல்லத்தான் செய்வாங்க," என்றாள் மாமியார். "அதையெல்லாமா மனசுல வச்சுக்கறது."

டீ ஆடை கட்டியது. தரைதட்டி அதைத் தொடவில்லை. "என்னை விடாதீங்க மாமா," என்றான். "அவளை என்ன சொன்னீங்களோ அதை எனக்குச் சொல்லுங்க."

மாமனார் சங்கடமாகச் சிரித்தார். மருமகனை அப்படிப் பேச அவருக்கு வரவில்லை. ஸ்பூனை எடுத்துச் சோற்றைக் கிண்டினார். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

அவள் அப்பாவின் பக்கத்தில் குனிந்து சட்டையில் ஒட்டியிருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைப் பிடித்து, நகத்தை அழுத்திவிட்டு, ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தாள்.

"கட்டு எப்பப் பிரிக்கிறாங்க?"

"புதன்கிழமைம்மா."

"நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற வண்டியை, அதன் ஒட்டாத வெள்ளையைப் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்தார்.

"மாப்பிள்ளையும் கூட வரட்டுமே," என்றார்.

அவள் அப்பாவின் விரல்களை விடவில்லை.

"நான் வரல மாமா," என்றான் தரைதட்டி. "புதன்கிழமை எனக்கு வேலை இருக்கு."

புதன்கிழமை பட்டறைக்கு விடுமுறை. அந்த அறையில் இருந்த நாலு பேருக்கும் அது தெரியும்.